பொன்னிதான் எடுத்தாள்

கைதட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எழுதாத ஒரு வரிக்குக் கைதட்டினார்கள், அதற்காக எனக்குச் சால்வை போட்டார்கள். சிரிக்காதே. சிரிக்கவில்லையா? சரி. ஜன்னல் ஓரம் நீயே இரும்மா, எனக்குக் காற்று வேண்டாம். உள்ளே கொதிக்கிற கொதிப்புக்குக் காற்று பட்டு என்ன ஆகப்போகிறது.

கோவில்பட்டிதானே இறங்குவாய்? நானும் அங்கேதான். இன்றைக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். அங்கே நர்சிங் படிக்கிறாள். முருகலட்சுமி என்று பேர். ஒரு நாடகத்தில் நடிக்க வா என்று கூப்பிடப் போனேன். அவளுக்கு வேஷம் கொடுத்தவளே நான். நான் போய் அவள் ஹாஸ்டல் வாசலில் வெயிலில் நின்றேன். அவள் வர மாட்டேன் என்கிறாள். முதலிலிருந்து சொல்கிறேன், நீயே நியாயம் சொல். படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய்.

எங்கள் ஊரில் நாங்கள் நடத்துகிற மகளிர் மன்றம் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். டிக்கெட் விற்று வருகிற பணத்தில், வசதியில்லாத பெண் ஒருத்திக்குக் காலேஜ் பீஸ் கட்டுவோம். ஆண் வேஷமும் பெண்கள்தான் போடுவோம். எழுதுகிறது நான். ஊரில் என்னை பி.ஏ. அம்மா என்பார்கள், தெய்வானை என்ற பேர் ரேஷன் கார்டோடு சரி. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தமிழ் பி.ஏ. படித்த பெண் நான் ஒருத்திதான். படித்து என்ன? அப்பளம் பொரிக்கும்போது செய்யுள் சொல்லிக்கொண்டிருப்பேன். எண்ணெய்ச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டதில்லை.

முதலில் சாமி கதை போட்டோம், கூட்டம் வந்தது. பிறகு குடும்பக் கதை போட்டோம். டி.வி.யில் இதைவிட நன்றாக அழுகிறார்கள் என்று யாரும் வரவில்லை. அப்போது நான்தான் சொன்னேன், துப்பறியும் நாடகம் போடலாம் என்று. முதல் வருஷம் என்ன ஆயிற்று தெரியுமா? எஸ்தர் டீச்சர் என்று ஒருத்தி, ரிட்டையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், எங்கள் நிரந்தர இன்ஸ்பெக்டர். மீசை ஒட்டினால் நிஜப் போலீஸ்காரனே சல்யூட் அடிப்பான். அவள் வீட்டுக்காரர் சலூனில் உட்கார்ந்துகொண்டு, கொலை செய்தது டாக்டர் என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டாக்டர் மேடைக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "வாரும்யா கொலைகாரரே" என்று வரவேற்கிறான். பாதிப் பேர் இடைவேளையோடு எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் மறுவருஷம் ஒரு சட்டம் போட்டேன். கடைசிப் பக்கத்தை யாருக்கும் தர மாட்டேன், நடிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். நாடகத்தன்று சாயங்காலம், வேஷம் கட்டின பிறகுதான் கையில் கொடுப்பேன். அதுவரைக்கும் குற்றவாளி யார் என்று குற்றவாளிக்கே தெரியாது. பார்க்க வருகிறவர்கள் இடைவேளையில் டிக்கெட்டில் பாதியைக் கிழித்து, எடுத்தது யார் என்று எழுதிக் குடத்தில் போட வேண்டும். சரியாக எழுதியவர்களில் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு எவர்சில்வர் தூக்குவாளி. எல்லாம் என் யோசனைதான். டிக்கெட் பறந்தது.

கதையைக் கேள். பெரிய வீடு, மறுநாள் பெண்ணுக்குக் கல்யாணம், வைர அட்டிகை காணோம். வீட்டில் எஜமானர், எஜமானியம்மாள், கல்யாணப் பெண், காபி சாப்பிட வந்த டாக்டர், வேலைக்காரி பொன்னி. நகை காணோம் என்றதும் எல்லோரும் அலறுகிறார்கள். எஜமானியம்மாள் மயங்கி விழுகிறாள். டாக்டர் தண்ணீர் தெளிக்கிறார். பொன்னி மட்டும் மூலையில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டே இருக்கிறாள். அதுதான் துப்பு! கண்ணுக்கு எதிரே வைத்துவிட்டேன், ஒருத்தனுக்கும் தெரியாது. பொன்னிதான் எடுத்தாள். இன்ஸ்பெக்டர் கடைசியில் கேட்பார், "வீடே அலறியபோது உன் கை மட்டும் ஏன் நிற்கவில்லை?" என்று. அவள் காலில் விழுந்து ஒப்புக்கொள்வாள். "ஐயா, இது கரி பிடித்த கை. கரி போகக் கழுவினேன், ஆசை போகக் கழுவத் தெரியவில்லை." கேட்டாயா? கரி போக, ஆசை போக. எழுதி எழுதிக் கிழித்து, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வந்தது அந்த வாக்கியம். அப்படி ஒன்று வாழ்நாளில் ஒரு தரம்தான் வரும். இன்றைக்கு வரைக்கும் அதை ஒரு ஜீவன் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

பொன்னி வேஷத்துக்கு பேங்க் மேனேஜர் மனைவியைப் போட்டிருந்தோம். ஒத்திகைக்கு நாலு நாள் வந்துவிட்டுக் கிழிந்த சேலை கட்ட மாட்டேன் என்று நின்றுகொண்டாள். "பட்டு கட்டின வேலைக்காரி ஒருத்தி இருக்கக் கூடாதா, பி.ஏ. அம்மா?" என்று கேட்கிறாள். அப்போதுதான் ராஜகனி சொன்னாள். ராஜகனி எங்கள் தலைவி, பருப்பு மில்காரர் மனைவி. நாடகத்தில் எஜமானர் வேஷம் அவளுக்கு. "ஏன் அக்கா, நம்ம சண்முகத்தாய் மக இருக்காள்லா? இந்த வருஷம் பீஸு அவளுக்குத்தானே கட்டப்போறோம். அவளையே போடுங்க. மேக்கப் செலவும் மிச்சம்."

சண்முகத்தாய் அப்போது ராஜகனி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் மகள்தான் இந்த முருகலட்சுமி. நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது, பீஸ் கட்டினால்தான் சேரலாம். நாடகம் முடிந்ததும் மேடையில் வைத்து செக் கொடுப்பதாக ஏற்பாடு. நல்லதுதானே, பணமும் வாங்கப்போகிறாள், கூட ஒரு கலையும் படிக்கட்டும் என்றுதான் நான் சரி என்றேன். என் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

கெட்டிக்காரி, அதைச் சொல்ல வேண்டும். வசனத்தை ஒரு தரம் சொன்னால் போதும். எங்கே மூச்சு விட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்காமலே விடுவாள். தினமும் ஒத்திகை முடிந்து டம்ளரெல்லாம் கழுவி வைத்துவிட்டுக் கேட்பாள், "பி.ஏ. அம்மா, கடைசியில யாரு எடுத்தது?"

"சொல்ல மாட்டேன்."

"நான் இல்லியே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தானே.

இடையில் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு சமயம் ராஜகனியின் தோடு ஒன்று காணாமல் போனது. சண்முகத்தாயை முற்றத்தில் நிறுத்தி, முந்தானையை உதறச் சொல்லி, கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லி, என்னென்னவோ நடந்தது. அவளும் அணைத்தாள். அப்புறம் தோடு வாஷிங் மெஷினுக்குள்ளேயே இருந்தது. ராஜகனி பெருந்தன்மையாக அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். நல்லபடியாக முடிந்துவிட்டது. எனக்கு இந்தக் கதை முளைத்தது அங்கேதான். எழுதுகிறவளுக்கு எங்கே விழுந்தாலும் விதைதான். ஆனால் வாஷிங் மெஷினை வைத்து எப்படி நாடகத்தை முடிப்பது? எடுத்தவர் என்று ஒருத்தர் வேண்டுமே.

நாடகத்தன்று சாயங்காலம் கடைசிப் பக்கத்தைக் கொடுத்தேன். பொன்னி வேஷத்தோடு நின்றபடியே படித்தாள். என் பக்கத்தில் வந்தாள்.

"பி.ஏ. அம்மா, இத மாத்துங்க. எங்கம்மா வந்து உக்காந்திருக்கா."

"நாடகம்டி இது. எஸ்தர் டீச்சருக்குத்தான் மீசை இருக்கிறது, அவங்க என்ன ஆம்பளையா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எஸ்தர் டீச்சருக்கு எதிலும் மூக்கை நுழைக்க வேண்டும். "பிள்ள சொல்றதும் சரிதான் அக்கா. வேற யாரையாச்சும் போட்டிருங்களேன். எஜமானரே எடுத்ததா வச்சுக்கிடுவோம்."

ராஜகனி ஒட்டின மீசையோடு திரும்பினாள். "என்னையா? முன்வரிசையில எங்க சம்பந்தி வீட்டு ஆளுக பூரா உக்காந்திருக்காக, நான் திருடனா வந்து நிக்கணுமாக்கும்?"

கல்யாணப் பெண்ணாக நடித்தவள் புதிதாக வந்த மருமகள், அவளிடம் கேட்கவே முடியாது. டாக்டரை முந்தின வருஷம்தான் கொலைகாரர் ஆக்கியிருந்தோம். ஆக எழுதினபடிதான் நடக்க வேண்டும். முருகலட்சுமி அதற்குப் பிறகு பேசவில்லை. சரி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருந்தால் வேறு என்ன அர்த்தம்?

இடைவேளையில் குடத்தைக் கவிழ்த்தோம். எந்தச் சீட்டைப் பிரித்தாலும் பொன்னி. வேலைக்காரி. பாத்திரம் விளக்குகிறவள். ஒரு சின்னப் பையன் படம்கூடப் போட்டிருக்கிறான். அதிசயமாக எங்கோ ஒன்றில் டாக்டர் என்று இருந்தது, அதுவும் போன வருஷ ஞாபகத்தில் எழுதியதாக இருக்கும். எப்படித் தெரிந்தது? கடைசிப் பக்கம் என் பீரோவுக்குள் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. அவ்வளவு நுட்பமாக மறைத்து வைத்த ஒன்றை ஊர் முழுக்க எப்படிச் சொல்லி வைத்த மாதிரி எழுத முடியும்? யாரோ வெளியே விட்டிருக்கிறார்கள். எஸ்தர் டீச்சர் வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்படுகிறேன். எப்படி என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

கடைசிக் காட்சி. நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால், வசனம் எடுத்துக்கொடுக்க நிற்கிறேன். எஸ்தர் டீச்சர் பூட்ஸ் சத்தத்தோடு நடந்து வந்து கேட்கிறாள், "வீடே அலறியபோது உன் கை மட்டும் ஏன் நிற்கவில்லை?" அடடா, அந்தக் குரலுக்கே காசு கொடுக்கலாம். அடுத்தது என் வாக்கியம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் எடுக்கல" என்றாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "ஐயா, இது கரி பிடித்த கை" என்று எடுத்துக்கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் எடுக்கல, சார்."

"கரி பிடித்த கை! கரி பிடித்த கை!" நான் கத்தியது முன்வரிசைக்குக் கேட்டிருக்கிறது. யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. அவள் எழுந்து நின்றாள். எழுதியிருப்பது விழுவது, இவள் எழுந்து நிற்கிறாள்.

"எல்லாரும் கத்துனாங்க, சரி. பாத்திரம் கெடந்துச்சே. நகை கெடச்சாலும் கெடைக்காட்டியும் நான்தானே விளக்கணும்? அதுக்குத்தான் விளக்குனேன். நான் எடுக்கல."

இதில் என்ன அழகு இருக்கிறது, நீ சொல். ஒரு உவமை உண்டா? ஒரு ஓசை உண்டா? கறிக்கடையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். எஸ்தர் டீச்சருக்கு வேர்த்து வேர்த்து மீசை ஒரு பக்கம் தொங்குகிறது. அடுத்த வசனம், "இவளுக்கு விலங்கு மாட்டு." அதைச் சொன்னாளா? இல்லை. முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு, "சரிம்மா. நீ போ" என்றாள். போ! திருடியை இன்ஸ்பெக்டர் போகச் சொல்கிறாள். திரையை இழு, திரையை இழு என்று நான்தான் அலறினேன்.

அப்போதுதான் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். சண்முகத்தாய் மட்டும் தட்டவில்லை. கடைசி வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் இவ்வளவு கெடுத்துவிட்டாளே என்ற வெட்கமாக இருக்கும்.

அன்றைக்கு செக் அவளுக்குக் கொடுக்கவில்லை. ராஜகனி மைக்கில் வேறு ஒரு பெண்ணின் பேரைப் படித்துவிட்டாள். அதற்கு முன் என்னைக் கேட்டாள், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கும் படிப்பில் சேர்ந்ததுதான் என்று சொன்னேன். பொதுவாகச் சொன்னேன். செக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் எப்படியோ சேர்ந்துவிட்டாள். பேங்கில் கடன் வாங்கினார்களாம். எஸ்தர் டீச்சர் ஜாமீன் கையெழுத்துப் போட்டாளாம். சண்முகத்தாய் ராஜகனி வீட்டை விட்டு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். எனக்கும் அதற்கும் என்ன? விஷயம் முடிந்தது என்று நான் என் பேப்பரைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

முடியவில்லையே! அன்றைக்கு நாடகம் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பெண்கள் சங்கத்துக்காரி வந்திருக்கிறாள். அவள் கடிதம் போட்டாள். 'குற்றவாளியைக் காட்டாமல் நாடகத்தை முடிக்க எத்தனை துணிச்சல்! அந்த ஒற்றை மறுப்பை எழுதிய கைகளுக்கு வணக்கம்' என்று. எந்தக் கைகளுக்கு? நான் எழுதியது 'கரி பிடித்த கை'. மதுரையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எழுபது வயதுக்கு மேல் ஒருத்தி எழுதியதை ஊர் மதித்துச் சால்வை போடுகிறது, அது நான் எழுதாத வரி. வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வாய், சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் அந்தச் சங்கத்துக்காரி.

இப்போது பெரிய ஹாலில் போட வேண்டுமாம். வருகிற பணத்தில் ஒரு பெண்ணுக்கு இல்லை, பத்துப் பெண்களுக்கு பீஸ் கட்டலாம். ஆனால் அதே முடிவு வேண்டும் என்கிறார்கள். பேங்க் மேனேஜர் மனைவி இப்போது கிழிந்த சேலை கட்டத் தயார், கைதட்டு இருக்கிறதே. ஒத்திகையில் சொல்லிப் பார்த்தாள். "நான் எடுக்கவில்லை" என்று அவள் சொன்னபோது, அவளே எடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. ராஜகனியே சொல்லிவிட்டாள், "அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க அக்கா. நீங்க போனா வருவா. உங்க மேல மரியாத வச்சிருக்கா."

அதற்குத்தான் போனேன். ஹாஸ்டல் வாசலில் யூனிபார்மோடு வந்தாள். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறாள். "வெயில்ல வந்திருக்கீங்களே, சாப்பிட்டீங்களா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"நாடகத்துல இப்ப யாரு எடுத்தது?"

"எழுதியது எழுதியபடிதான் இருக்கிறது."

"அப்ப பொன்னிதான் எடுத்திருக்கா."

"ஆமாம். நீ வந்து இல்லை என்று சொல்ல வேண்டும். நீ சொன்னால்தான் நம்புகிறார்கள்."

"மதுரையில மட்டுமா?"

"பிறகு திருச்சி. கோயம்புத்தூரிலும் கேட்டிருக்கிறார்கள்."

"ஊரு ஊரா நீங்க என்னைத் திருடின்னு சொல்லுவீங்க. ஊரு ஊரா நான் வந்து இல்லைன்னு சொல்லணும். அப்படித்தானே?"

"அதுதானேடி நாடகம்! திருடி என்று சொல்லாவிட்டால், நீ எதை இல்லை என்று சொல்வாய்?"

நியாயமான கேள்விதானே? ஒரு மாதிரி பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. ஊசி போடுவதற்கு முன் நர்சு பார்ப்பாளே, அப்படி.

"நான் வர மாட்டேன், பி.ஏ. அம்மா. வேற யாராவது எடுத்த மாதிரி எழுதுங்க, அப்ப வாரேன். மூலையில உக்காந்து பாத்திரம் விளக்குதேன். எனக்கு வசனமே வேண்டாம்."

சொல்லிவிட்டு டியூட்டிக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டாள். வசனம் வேண்டாமாம்! ஊரே அந்த வசனத்துக்காகக் காத்திருக்கிறது, இவளுக்கு அது வேண்டாமாம். எத்தனை திமிர் பார்த்தாயா? பத்துப் பெண்களின் படிப்பு, அதை இவள் நினைத்தாளா?

சரி, எழுதிவிட்டுப் போகிறேன், எனக்கு எழுதத் தெரியாதா என்று பஸ் ஏறியதும் நோட்டை எடுத்தேன். ஒரு பேரை மாற்ற வேண்டும், அவ்வளவுதானே. எஜமானரா? அவர் வீட்டு நகை, அவர் எதற்கு எடுக்கப்போகிறார்? எஜமானியம்மாள்? மயங்கி விழுந்தவள். கல்யாணப் பெண்? விடிந்தால் அவள் கழுத்தில் ஏறப்போகிற நகை. டாக்டர், பாவம், காபி சாப்பிட வந்தவர். எல்லோரும் கௌரவமானவர்கள், ஒருத்தருக்கும் ஒரு தேவை கிடையாது. நான் வளர்த்த பாத்திரங்கள், எனக்குத் தெரியாதா? அடித்து அடித்துப் பக்கம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

இது என்ன ஊர், கயத்தாறா? அதற்குள் கயத்தாறு வந்துவிட்டதா? கோவில்பட்டி வருவதற்குள் யாரையாவது ஒருத்தரைத் திருடர் ஆக்கியாக வேண்டும். ராஜகனி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பாள். நீ ஏன் என் கையையே பார்க்கிறாய்? எழுதத்தான் போகிறேன். அடித்த மை கொஞ்சம் அப்பியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.